காமாலையைக் குணப்படுத்தியது யார்?

ஐப்பசி மழை இரண்டு தடவை கொட்டித் தீர்த்தால் போதும். வேலியோரம், வாய்க்கால் வரப்பு, பள்ளிக்கூட மதிலடி, மாடியில் இருக்கும் பூந்தொட்டி என்று கண்ட இடத்திலெல்லாம் ஒரு சின்னச் செடி முளைத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புளியங்கன்று என்றே நினைப்பீர்கள். முழங்கால் உயரத்தைத் தாண்டாது. அதன் ஒரு கிளையைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் வரிசையாகக் கடுகளவுப் பச்சைக் காய்கள் தொங்கும். அதுதான் கீழாநெல்லி.

வீட்டுப் பெரியவர்களிடம் இந்தச் செடியைக் காட்டிக் கேளுங்கள். “மஞ்சள் காமாலைக்கு இதைவிட்டால் வேறு மருந்து ஏது?” என்பார்கள். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைபோல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கி, விடிகாலையில் வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். சில வீடுகளில் மூன்று நாள், சில வீடுகளில் ஏழு நாள். கூடவே பத்தியம்: உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெய் ஆகாது. “என் தம்பிக்குக் கொடுத்தோம், ஒரே வாரத்தில் கண் வெளுத்துவிட்டது” என்று சாட்சி சொல்லவும் ஆள் இருக்கும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்குக் காமாலை வந்ததும் உண்மை, சாறு குடித்ததும் உண்மை, குணமானதும் உண்மை. ஆனால் குணப்படுத்தியது கீழாநெல்லிதானா? இந்த ஒரு கேள்விக்காகச் சென்னையிலும் அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் செடியையும் நோயையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடுவோம்.

கீழாநெல்லிக்கு உறவுக்காரர் யார் தெரியுமா? நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடும் பெரிய நெல்லிதான். அது மரம், இது புல்லோடு புல்லாக வளரும் செடி. ஆனாலும் இரண்டும் ‘ஃபில்லாந்தஸ்’ என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கீழாநெல்லிக் காய் ஒன்றைக் கிள்ளி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நெல்லிக்காயைக் குட்டியாக்கியது போலவே இருக்கும். முற்றினால் ‘டக்’கென்று வெடித்து, உள்ளே இருக்கும் ஆறு விதைகளும் சிதறும். பூந்தொட்டியில் நாம் போடாமலேயே இந்தச் செடி முளைப்பது இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இருட்டும் நேரத்தில் போய்ப் பார்த்தால் இலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மடிந்திருக்கும். காலையில் விரிந்துவிடும். இலைக்காம்பின் அடியில் உள்ள உயிரணுக்களுக்குள் நீர் ஏறுவதாலும் இறங்குவதாலும் இது நடக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் இலை மடிவதும் இந்த முறையில்தான்.

உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இதன் பூ குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். வெள்ளையும் பச்சையும் கலந்த நிறம். அதன் இதழ்களை எண்ண வேண்டும். ஐந்து இருந்தால் அது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. ஆறு இருந்தால் அதன் நெருங்கிய உறவான வேறொரு செடி. தண்டு செம்மை ஓடி, காயின் மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது இன்னொரு வகை. ஆனால் ஊரில் எல்லாவற்றையும் கீழாநெல்லி என்றே பிடுங்குகிறோம். படித்தவர்களும் இதில் குழம்பியிருக்கிறார்கள். நம் நாட்டுத் தாவர நூல்களில் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்ற ஒரே பெயரில் எழுதப்பட்டது உண்மையில் மூன்று வேறு வேறு செடிகள் என்பதை 1985-இல்தான் மித்ரா, ஜெயின் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரு செடி மருந்தா இல்லையா என்று சோதிக்கும் முன் அது எந்தச் செடி என்று தெரிய வேண்டுமே! அதனால் இது பெரிய வேலை.

இனிக் காமாலைக்கு வருவோம். காமாலை என்பது ஒரு நோயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது நோயின் அடையாளம். காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருகிறதோ, அப்படியே இந்த மஞ்சளும் பல நோய்களில் வரும்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? விளையாடும்போது முட்டியில் அடிபட்டு ரத்தம் கட்டிக்கொண்டதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் நாள் சிவப்பாகவும் நீலமாகவும் இருக்கும். சில நாளில் அதன் ஓரம் பச்சையாகும். பிறகு மஞ்சளாகி மறைந்துபோகும். உங்கள் தோலுக்கு அடியில் ஒரு வேதியியல் பாடமே நடக்கிறது. கசிந்த ரத்தத்தில் உள்ள சிவப்பு நிறப்பொருளை உடல் உடைக்கிறது. முதலில் பச்சை நிறப் பொருளாகவும், அடுத்து ‘பிலிருபின்’ என்ற மஞ்சள் நிறப் பொருளாகவும் அது மாறுகிறது.

அடிபடாமலேயே இந்த வேலை உடம்பில் எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடைபடுகின்றன. அத்தனையிலிருந்தும் மஞ்சள் பிலிருபின் வெளியே வருகிறது. கல்லீரல் அதைப் பிடித்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறமும் சிறுநீருக்கு மஞ்சள் நிறமும் வருவது இதே பொருள் மேலும் மாறுவதால்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள், டாக்டர் முதலில் கேட்பதே இந்த இரண்டின் நிறத்தைத்தான்.

கல்லீரல் சோர்ந்துவிட்டாலோ, பித்தநீர் வரும் குழாயில் கல் அடைத்துக்கொண்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலோ, பிலிருபின் ரத்தத்திலேயே தங்கிவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் அது 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 2 அல்லது 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் கண்ணின் வெண்மை மஞ்சளாகத் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், மஞ்சள் விளக்கு ஏமாற்றிவிடும். கேரட்டும் பப்பாளியும் நாள்தவறாமல் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளாவது உண்டு. ஆனால் அவர்கள் கண் வெள்ளையாகவே இருக்கும். அது காமாலை ஆகாது.

குழந்தைகளுக்கு வரும் காமாலைக்கு முக்கியமான காரணம் ‘ஹெபடைட்டிஸ் ஏ’ என்ற வைரஸ். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வரும். மழைக்காலத்தில் சாக்கடை நீர் குடிநீர்க் குழாயில் கலந்தால் ஒரு தெருவே படுத்துவிடும். கவனித்தீர்களா? மழை பெய்ததும் முளைப்பது கீழாநெல்லி. மழை பெய்ததும் பரவுவதும் காமாலை. நோய் வரும் பருவத்தில் செடியும் வாசலிலேயே நிற்கிறது. இரண்டையும் நம் முன்னோர்கள் சேர்த்துப் பார்த்ததில் வியப்பே இல்லை.

ஹெபடைட்டிஸ் ஏ வைரஸை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே விரட்டிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் மஞ்சள் தானாக இறங்கிவிடும். கல்லீரலுக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறமை அதிகம். அதோடு இன்னொன்று. நாம் மருந்து தேடி எப்போது ஓடுகிறோம்? கண் நன்றாக மஞ்சளான பிறகு. நோய் உச்சத்துக்கு ஏறி இறங்கப் போகிற நேரம் பெரும்பாலும் அதுதான். அந்த நேரத்தில் கீழாநெல்லிச் சாறு குடித்தாலும், வெறும் மோர் குடித்தாலும், ஒன்றுமே குடிக்காமல் ஓய்வெடுத்தாலும், அடுத்த வாரம் மஞ்சள் இறங்கத்தான் செய்யும். புகழ் மட்டும் கடைசியாக உள்ளே போன பொருளுக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால் உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் ஊரில் பத்துக் குழந்தைகளுக்குக் காமாலை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் சாறு கொடுத்தோம், பத்துப் பேரும் தேறினார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றுமே தெரியவில்லை! சாறு குடிக்காத இன்னொரு பத்துப் பேரும் வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் வயதும் நோயின் கடுமையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். யாருக்குச் சாறு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால், தெம்பாக இருக்கிற பிள்ளைகளாகப் பார்த்து நமக்கே தெரியாமல் சாறு கொடுத்துவிடுவோம். மற்றவர்களுக்கும் அதே நிறத்தில், அதே கசப்பில், மருந்தில்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது போனது என்பது குடித்தவருக்கும் தெரியக்கூடாது, கண்ணைப் பார்த்து மதிப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் சாற்றின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒப்பிடாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில ஊர்களில் காமாலைக்காரர் கையில் ஏதோ சாற்றைத் தடவி, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். தண்ணீர் மஞ்சளாகும். “பார், காமாலை இறங்குகிறது!” என்பார்கள். தடவியது மாம்பட்டைச் சாறு. அதில் உள்ள பொருள்கள் சுண்ணாம்போடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் வரும். காமாலையே இல்லாத ஒருவர் கையை அதே மாதிரி கழுவச் சொல்லியிருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். ஒரே ஒரு கை கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கீழாநெல்லியை அப்படி நேர்மையாகச் சோதிக்க முன்வந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இந்தச் செடியை ஆராய்ந்துவந்தார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலிருந்த பாரூக் பிளம்பர்க் இந்தக் குழுவோடு கைகோத்தார். இவர் சாதாரண ஆள் இல்லை. ‘ஹெபடைட்டிஸ் பி’ வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, நம் வேலியோரச் செடியைக் குப்பை என்று ஒதுக்கவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது இதனால்தான்.

முதலில் சோதனைக்குழாயில் பார்த்தார்கள். செடியின் சாறு, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பெருகுவதற்கு உதவும் ஒரு நொதியைத் தடுத்தது. அடுத்து வுட்சக் என்ற அமெரிக்க விலங்கிடம் சோதித்தார்கள். இது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, இதற்கும் அதே மாதிரி ஒரு வைரஸ் வரும். அங்கேயும் நம்பிக்கை தரும் பலன் கிடைத்தது. இந்த முடிவுகள் 1987-இல் வெளியாயின.

பிறகு மனிதர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சிலருடைய ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கிவிடும். அப்படிப்பட்டவர்களைச் சென்னையில் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் காய்ந்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் தூள். முடிவு 1988-இல் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது!

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அறிவியலில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் அதே விடை வந்தால்தான் நம்பலாம். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். சென்னையில் கிடைத்த பலன் வரவில்லை. நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் வரவில்லை. செடி வளர்ந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா, வைரஸின் வகை வேறா, அல்லது முதல் சோதனையில் இருந்தவர்கள் குறைவு என்பதால் தற்செயலாக அப்படி வந்ததா என்று பல கேள்விகள் எழுந்தன. பின்னர், நடந்த சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வறிக்கை 2011-இல் வந்தது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோய்க்கு இந்தச் செடி பலன் தரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

இதில் கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார்: “இதெல்லாம் ஹெபடைட்டிஸ் பி பற்றித்தானே? எங்கள் பாட்டி கொடுத்தது தண்ணீரால் வரும் சாதாரணக் காமாலைக்கு ஆயிற்றே?” சரியான கேள்வி. சென்னையில் சோதித்தது வைரஸ் ரத்தத்தைவிட்டுப் போகிறதா என்பதை. பாட்டி சொல்வது மஞ்சள் சீக்கிரம் இறங்குகிறது என்பதை. இரண்டும் வேறு. தானாக இறங்கும் மஞ்சளைக் கீழாநெல்லி நான்கு நாள் முன்னதாக இறக்குகிறதா என்று பார்க்க, அதற்கென்றே தனியாக, பெரிய அளவில் சோதனை நடத்த வேண்டும். உங்களில் ஒருவர் வளர்ந்து அதைச் செய்யலாம்.

வீட்டு வைத்தியம் எல்லாமே இப்படித் தடுமாறிப் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். சளிக்கு ஆடாதோடை இலைக் கஷாயம் கொடுப்பது நம் பழைய வழக்கம். அந்த இலையில் ‘வாசிசின்’ என்ற பொருள் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து ‘புரோம்ஹெக்சின்’ என்ற மருந்தை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அது உடலுக்குள் போனதும் மாறிக் கிடைக்கும் பொருள் ‘ஆம்ப்ராக்சால்’. வீட்டில் இருமல் மருந்துப் புட்டி இருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள், இந்த இரண்டு பெயரில் ஒன்று கண்ணில் படலாம்.

காமாலையிலேயே ஒரு நல்ல கதை உண்டு. பிறந்த குழந்தைகள் பலருக்குச் சில நாள் உடம்பு மஞ்சளாக இருக்கும். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளைக் காலை வெயிலில் சற்று நேரம் வெளியே கொண்டுபோய் வைத்திருப்பார். 1956-இல் அவர் ஒன்றைக் கவனித்தார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதை மருத்துவர்களிடம் காட்டினார். அவர்கள் அதைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்து 1958-இல் வெளியிட்டார்கள். ஒளி பட்டால் பிலிருபினின் வடிவம் மாறி, நீரில் எளிதாகக் கரைந்து வெளியேறிவிடுகிறது. இன்று மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழே படுக்க வைப்பது இதனால்தான். ஆனால் குழந்தையை நாமாக வெயிலில் காட்டிக் குணப்படுத்தப் பார்க்கக் கூடாது. எவ்வளவு மஞ்சள் என்று டாக்டர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

செவிலியர் கண்ணால் பார்த்ததும் ஒரு கவனிப்புதான், நம் பாட்டிமார் பார்த்ததும் ஒரு கவனிப்புதான். ஒன்று சோதனையில் தேறியது. மற்றதற்கு இன்னும் தேர்வே முடியவில்லை.

தேர்வு முடியும் வரை என்ன செய்வது? இதில் நான் உறுதியாகச் சொல்வேன்: காமாலைக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், அதற்கு உடனே ஆன்டிபயாடிக் மருந்து தர வேண்டும். மலேரியாவிலும் மஞ்சள் வரலாம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் எந்தச் சாறும் அதைத் திறக்காது. கர்ப்பமாக இருக்கும் அக்காவுக்கோ சித்திக்கோ ‘ஹெபடைட்டிஸ் ஈ’ வந்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். காமாலைக்குச் சூடு போடுவதும், கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவதும் கொடுமை. யாராவது அப்படிச் செய்யக் கிளம்பினால் பெரியவர்களிடம் சொல்லித் தடுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கீழாநெல்லி சாக்கடையோரத்திலும் முளைக்கிறது. அதைப் பச்சையாக அரைத்து, காய்ச்சாத தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்தால், காமாலை தரும் கிருமியே அதில் இருக்கலாம்! சித்த மருத்துவம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் விரும்பினால், அதற்குப் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போகட்டும். ரத்தப் பரிசோதனை முடிவையும் கையில் கொண்டுபோகட்டும்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு அருமையான தடுப்பூசி இருக்கிறது. அதற்கு வழிகாட்டியவரும் நாம் மேலே பார்த்த பிளம்பர்க்தான். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். உங்கள் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்து, போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் வீட்டில் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலம் முழுக்கக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் குடியுங்கள், பள்ளிக்கும் அதையே பாட்டிலில் கொண்டுபோங்கள். உங்கள் கண்ணோ தம்பி தங்கை கண்ணோ மஞ்சளாகத் தெரிந்தால், மறைக்காமல் அன்றைக்கே அம்மா அப்பாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.